சாரட்டு ரிப்பேருக்குப் போயிருக்கிறது

இசக்கியப்பன் ஓய்வுபெற்ற ஏட்டு. சர்வீஸில் பாதிக் காலத்தைக் குற்றாலம் அருவிக்கரையில், ஆண்கள் வரிசைக்கும் பெண்கள் வரிசைக்கும் நடுவே விசிலோடு நின்று கழித்தவர். எண்ணெய் வழிகிற முதுகுகளை "நகரு, நகரு" என்று நகர்த்திக்கொண்டிருந்த அந்த சீசன்களில்தான் அவருக்கு ஓர் ஆசை முளைத்தது. ஐந்தருவிக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற பங்களாத் தெருவில், மாடி வராந்தாவில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி சிலர் சாரலை வேடிக்கை பார்ப்பார்கள். நாமும் ஒருநாள் அதே மாதிரி உலர்ந்த வேட்டியோடு உட்கார்ந்து, நனைகிறவர்களைப் பார்க்கவேண்டும் என்று நினைத்தார். இதைத் தவிர அவர் தன் வாழ்க்கையில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு தப்பும் செய்ததில்லை.

ஓய்வுபெற்ற பிறகு வந்த பணத்தில் பங்களா வாங்க முடியவில்லை. பங்களாவின் பின்பக்கத்தை வாங்கினார். ஒரு காலத்தில் ஏதோ ஜமீன்தார் சீசனுக்கு வந்து தங்கிய இடம் அது. வாரிசுகள் பங்களாவை ஒரு ரிசார்ட்டுக்காரரிடம் விற்றார்கள். அவர் அதை இடித்துத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் 'ஜமீன் பேலஸ்' என்று புதிதாக ஒன்றைக் கட்டினார். மிஞ்சியது, கொல்லையில் ஜமீனின் குதிரை வண்டியை நிறுத்தக் கட்டிய கொட்டகை மட்டும். காரைச் சுவர், வளைவு வாசல், தேக்கு உத்திரம், குரங்குகள் பிரித்துப் போட்டது போக மீதி ஓடு. இசக்கியப்பன் நடுவில் தடுப்புச் சுவர் எழுப்பி ஓர் அடுப்படியும் படுக்கையறையும் ஆக்கிக்கொண்டார். பத்திரத்தில் அதற்குச் 'சாரட்டுக் கொட்டகை' என்று பெயர்.

"ஜமீன் குதிரை படுத்த எடத்துல இப்ப ஏட்டு படுக்காரு. நல்ல பிரமோசன்தான்" என்றாள் அவர் மனைவி சங்கரேஸ்வரி.

சங்கரேஸ்வரி சுரண்டைக்காரி. வெயில் அடிக்கிற ஊரில் பிறந்து, வெயிலில் வத்தல் காயப்போட்டு வளர்ந்தவள். குற்றாலத்துச் சாரல் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வருடம் தும்மினாள். இரண்டாம் வருடம் இருமினாள். அதற்கடுத்த சீசனில் எளைப்பு பிடித்துக்கொண்டது. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு மூச்சைத் தேடவேண்டியிருந்தது. அவளைப்போல் வாயாடிக்கு இது எத்தனை பெரிய தண்டனை என்பது இசக்கியப்பனுக்குத்தான் தெரியும்.

தென்காசி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "எங்கே குடியிருக்கீங்க?" என்றார். குற்றாலம் பங்களாத் தெரு என்றதும், "அடடா, குடுத்துவச்சவங்க" என்றார். பிறகு மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, "அடுத்த சீசனுக்கு முன்னால அங்கேயிருந்து கிளம்பிருங்க. இன்னொரு சாரலை இந்த நெஞ்சு தாங்காது" என்றார்.

ஆகவே கொட்டகையை விற்றுவிட்டு, சுரண்டையில் சங்கரேஸ்வரியின் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டை வாங்குவதென்று முடிவாயிற்று. அடுத்த ஆனி பிறப்பதற்குள் போய்விடவேண்டும். தரகர் 'வின்டேஜ் கோச் ஹவுஸ், அருவிச் சத்தம் இலவசம்' என்று கைப்பேசியில் விளம்பரம் போட்டார். பெங்களூரிலிருந்து புவனேஷ் என்று ஒருவர் பறந்து வந்தார். வந்தவர் வளைவு வாசலில் நின்று சுவரில் கைவைத்துக் கண்களை மூடிக்கொண்டார். கையோடு ஒரு காரைப் பத்தை பெயர்ந்து வந்தது. இசக்கியப்பன் பதறிப்போனார். புவனேஷ் அதை முகர்ந்து பார்த்து, "இதை நான் வச்சிக்கலாமா சார்?" என்றார். அவருக்கு வீடு அவ்வளவு பிடித்திருந்தது.

பத்திரம் எழுதப் போனபோது, பங்களாத் தெரு 'பாரம்பரிய எழில் வட்டாரம்' ஆகிவிட்டது, பாரம்பரிய எழில் காப்புக் குழுவிடம் தடையில்லாச் சான்று வாங்கிவந்தால்தான் பதிவு என்று சொல்லிவிட்டார்கள். இசக்கியப்பன் இந்தக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. சான்று வாங்கவேண்டிய நாள் வரும்வரை யாரும்தான் கேள்விப்படுவதில்லை.

குழுவின் அலுவலகம் தென்காசியில், கண்ணாடி பதித்த புத்தம்புதிய கட்டடத்தில் இருந்தது. அந்த இடத்தில் முன்பு ஒரு பழைய சத்திரம் இருந்தது. பழமையைக் காப்பதற்கு அலுவலகம் தேவைப்பட்டதால் சத்திரத்தை இடித்தார்கள். நன்றி மறக்காமல் சத்திரத்தின் செங்கல் ஒன்றை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு விளக்கும் போட்டிருந்தார்கள்.

குழுவின் தலைவர் வேல்ராஜ். ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். சர்வீஸில் இருந்தபோது நாலைந்து மாவட்டங்களில் பழைய கட்டடங்களையும் பாலங்களையும் இடித்து முடித்தவர். பழைய கட்டடம் எப்படி விழும் என்பது தெரிந்தவருக்கு அதை எப்படி நிற்கவைப்பது என்பதும் தெரிந்திருக்கும் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். இசக்கியப்பன் போன அன்று குழு கூடியிருந்தது. எல்லாரும் எழுந்து நின்று, அந்த மாதம் இடிபட்ட கட்டடங்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அதற்குப் பிறகு வடையும் காப்பியும் வந்தன. வேல்ராஜ் வடையைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே! பழமைதான் என் உயிர். ஒரு பழைய சுவரைப் பார்த்தால் எனக்குக் கண்கலங்கும். சர்வீஸில் ஒவ்வொரு கட்டடத்தை இடிக்கும்போதும் நான் அழுதிருக்கிறேன். அழுதுகொண்டேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பாலத்தை இடிக்கும்போது அழுகை தாங்காமல், பக்கத்திலிருந்த மண்டபத்தையும் சேர்த்து எழுதிவிட்டேன். இந்த ஈரம் இன்றைய அதிகாரிகளிடம் இல்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். இசக்கியப்பனும் தட்டினார். மேலதிகாரி பேசி முடித்தால் தட்டவேண்டும் என்பது அவர் பழக்கம்.

இங்கே அவருடைய பழக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். காவல் நிலையத்தில் வருடாந்திர ஆய்வு என்று ஒன்று நடக்கும். பெரிய அதிகாரி வந்து, நிலையத்துச் சாமான்களெல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். லத்தி, வாளி, கயிறு, பெட்ரோமாக்ஸ் விளக்கு. எதைக் கேட்டாலும் இல்லை என்ற வார்த்தை வாயிலிருந்து வரக்கூடாது. "ரிப்பேருக்குப் போயிருக்குய்யா!" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு, பக்கத்து நிலையத்திலிருந்து இரவல் வாங்கிவந்து மறுநாள் காட்டவேண்டும். இசக்கியப்பன் காலத்தில் ஒரே பெட்ரோமாக்ஸ் விளக்கு சுற்றுவட்டாரத்து நிலையங்கள் எல்லாவற்றின் ஆய்விலும் கலந்துகொண்டு எல்லா இடத்திலும் நல்ல பெயர் வாங்கியது. ஆய்வு முடிந்து கிளம்பும்போது அதிகாரி எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்பார். அதற்கும் ஒரே பதில்தான். அதைச் சொல்ல வாய் யோசிக்காது, குதிங்கால்கள் தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

கொட்டகையைப் பார்வையிட எபனேசர் வந்தார். குழுவின் கள ஆய்வாளர், இளைஞர், ஆய்க்குடிப் பக்கத்துக்காரர். அந்த அலுவலகத்திலேயே மனிதர்களைப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள். சுவரை அளந்தார், உத்திரத்தைத் தட்டிப் பார்த்தார், சங்கரேஸ்வரி கொடுத்த மோரைக் குடித்தார். கடைசியாகப் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"சாரட்டுக் கொட்டகைன்னு இருக்கே அண்ணாச்சி, சாரட்டு இருக்கா? சும்மா எழுதுததுக்காகத்தான் கேக்குதேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க."

கையில் பேனாவோடு அரசாங்க முகம் ஒன்று 'இருக்கா' என்று கேட்கிறது. இசக்கியப்பனின் குதிங்கால்கள் சேர்ந்துகொண்டன.

"ரிப்பேருக்குப் போயிருக்குய்யா!"

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. எபனேசர் பேனாவை எடுத்தபடியே, "நெசமாத்தானா அண்ணாச்சி?" என்றார்.

"ஆமாய்யா. அடுத்த வாரம் வந்துரும்யா."

எபனேசர் பெருமூச்சு விட்டுவிட்டு எழுதிக்கொண்டு போனார். சங்கரேஸ்வரி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏங்க, எந்தச் சாரட்டு? எங்கன ரிப்பேருக்குப் போயிருக்கு? நம்ம வீட்ல ஒரு சைக்கிளு கூடக் கெடையாதே."

"வாய் தவறி வந்துட்டு ஏட்டி."

"பொண்டாட்டி கேட்டா மட்டும் ஒரு பதிலு சட்டுனு வராது" என்று சொல்லிவிட்டு அவள் மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

எபனேசர் சாயங்காலம் போனில் விஷயத்தைச் சொன்னார். சாரட்டு இல்லாத சாரட்டுக் கொட்டகைக்கு 'உயிர் அடங்கிய கட்டடம்' என்று பெயர். அதற்கு அன்றைக்கே சான்று கொடுத்துவிடுவார்கள். சாரட்டு உள்ள கொட்டகை 'உயிர்ப்புள்ள கட்டடம்'. தென்மாவட்டங்களில் இதுவரை ஒன்றுகூட அகப்படவில்லை. தலைவர் வேல்ராஜ் செய்தியைக் கேட்டதும் இருக்கையிலிருந்து எழுந்து நின்றுவிட்டாராம். குழு முழுவதும் நேரில் வருகிறது.

மாற்றிச் சொல்லிவிடலாமா என்று இசக்கியப்பன் யோசிக்கத்தான் செய்தார். ஆனால் ஆய்வு என்பது என்ன? ஒருநாள் காட்டுவது. மறுநாள் திருப்பிக் கொடுப்பது. வாழ்நாளெல்லாம் அப்படித்தான் நடந்திருக்கிறது. அவர் பஸ் ஏறிக் கடையநல்லூருக்குப் போனார்.

கடையநல்லூரில் மசூது என்றால் எல்லாருக்கும் தெரியும். துபாயில் வெல்டிங் வேலை பார்த்துத் திரும்பியவர். கல்யாண ஊர்வலத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப் போக, சொந்தக் கையாலேயே ஒரு சாரட்டு செய்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பழைய வேனின் அச்சு, இரும்புக் குழாய், மேலே வெல்வெட்டு. முன்னால் தோகை விரித்த பிளாஸ்டிக் மயில், சுற்றிலும் சீரியல் பல்பு, அடியில் பேட்டரி. இழுப்பதற்கு சுல்தான் என்ற வெள்ளைக் குதிரை. குட்டியிலிருந்தே கல்யாணப் பாட்டுக்கு நடந்து பழகியதால், பாட்டுப் போட்டால்தான் அது காலை எடுத்து வைக்கும்.

"ஒரு காலைப் பொழுதுதான் மசூது. மறுநாளே கொண்டுட்டுப் போயிரலாம்."

"கொண்டுட்டுப் போங்க அண்ணாச்சி. ஆனா வெள்ளிக்கெழமை ஒரு நிக்காஹ் இருக்கு. மாப்பிள்ளை வாப்பா ஒருமாதிரியான ஆளு. வண்டி வரலேன்னா என்னைய இழுக்கச் சொல்லிருவாரு."

வியாழக்கிழமை குழு வந்தது. வளைவு வாசலுக்குள் நின்ற சாரட்டைப் பார்த்ததும் வேல்ராஜ் செருப்பைக் கழற்றினார். எல்லாரும் கழற்றினார்கள். பிளாஸ்டிக் மயிலின் கழுத்தைத் தடவி, "பாண்டி நாட்டுக் கைவண்ணம்" என்றார். பேட்டரியைக் காட்டி ஓர் உறுப்பினர் தயங்கியபோது, "ஒவ்வொரு காலமும் தன் அடுக்கை விட்டுச் செல்லும். அடுக்கைப் பிரிக்கக்கூடாது" என்று விளக்கினார். வண்டியின் பின்பக்கத்தில் மசூதின் கைப்பேசி எண் பெரிதாக எழுதியிருந்தது. அதைக் குனிந்து படித்துவிட்டு, ஜமீனின் வண்டி வரிசை எண்ணாக இருக்கும் என்றார். ஜமீனில் அத்தனை வண்டிகள் இருந்தனவா என்று யாரும் கேட்கவில்லை.

ஓரமாக நின்ற மசூது பொறுக்கமுடியாமல் முன்னால் வந்தார். "சார், அது என் வண்டி சார். நான் வெல்டு வச்சது."

வேல்ராஜின் கண்கள் நிறைந்தன. "எழுதிக்கொள்ளுங்கள் எபனேசர். இந்தச் சாரட்டை உள்ளூர் மக்கள் இன்றும் தங்கள் வண்டி என்றே சொந்தம் கொண்டாடுகிறார்கள். இதைவிட என்ன சான்று வேண்டும்?"

அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. கொட்டகையும் சாரட்டும் உடலும் உயிரும் போல, ஒன்றைவிட்டு ஒன்றைப் பிரிக்கக்கூடாது. சுல்தான் 'இயங்கு பாரம்பரியம்'. சாரட்டைச் சுற்றி சிவப்புக் கயிறு கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை நிக்காஹ் மாப்பிள்ளை காரில் போனார். மாப்பிள்ளை வாப்பா மசூதிடம் பேசியதை இங்கே எழுத முடியாது.

அதற்கடுத்த வாரம் குழுவிலிருந்து ஓர் ஆணை வந்தது. சாரட்டின் இருப்பிடத்துக்குள் எழுப்பியிருக்கும் தடுப்புச் சுவரும் அடுப்படியும் ஆக்கிரமிப்பு; அகற்றவேண்டும். உரிமையாளர் சேணம் மாட்டுகிற பக்க அறையில் வசித்துக்கொள்ளலாம். குதிரைக்கு அந்தக் காலத்து முறைப்படி வைக்கோல் பரப்பவேண்டும். பாட்டுப் போடுவது அந்தக் காலத்து முறை அல்ல, ஆகவே கூடாது. பாட்டு இல்லாததால் சுல்தான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அசையாத குதிரையைப் பார்த்த உறுப்பினர் ஒருவர், ஜமீன் குதிரைக்கே உரிய கம்பீரம் என்று குறிப்பு எழுதினார்.

இசக்கியப்பன் தன் கையால் கட்டிய சுவரைத் தன் கையாலேயே இடித்தார். அடுப்பு பக்க அறைக்குப் போனது. அங்கேதான் ஓடு அதிகமாக ஒழுகும். வைக்கோல் தூசியும் குதிரை வாடையும் சேர்ந்து சங்கரேஸ்வரியின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டன. படுத்தால் மூச்சு வரவில்லை என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கப் பழகினாள். அவள் அப்படித் தூங்குவதைப் பார்க்க இசக்கியப்பனுக்குத் தாங்கவில்லை. எந்த ஆய்வுக்கும் கலங்காத மனிதர், வெளியே போய் சுல்தானின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

அழுது முடித்ததும் தென்காசிக்கு பஸ் ஏறினார். சர்வீஸில் ஒருபோதும் செய்யாத காரியத்தைச் செய்தார்.

"அய்யா, நான் சொன்னது பொய்யிங்கய்யா. அது கடையநல்லூர்க் கல்யாண வண்டி. இரவல் வாங்கிட்டு வந்து காட்டுனேன். என் வீட்டுக்காரிக்கு எளைப்பு. சான்றைக் குடுத்தா சுரண்டைக்குப் போயிருவோம்யா."

வேல்ராஜ் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"உங்களைக் குறை சொல்லமாட்டேன். பெரிய பாரம்பரியத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு இப்படி ஒரு தாழ்வு மனப்பான்மை வரும். இது நமக்குத் தகுமா என்று மறுப்பார்கள். இருக்கட்டும், உங்கள் பேச்சையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் பொய் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அதை நான் நம்பவேண்டுமானால் நீங்கள் உண்மை பேசுகிறவர் என்று ஆதாரம் வேண்டும். நீங்களோ பொய் சொன்னேன் என்கிறீர்கள். நான் என்ன செய்யட்டும்? தவிர, அந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் கையெழுத்தால் கட்டடங்களே விழுந்திருக்கின்றன. அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

மசூது தன் பங்குக்கு வெல்டிங் ராடு வாங்கிய ரசீதைக் கொண்டுபோய்க் காட்டினார். அதைப் 'புனரமைப்பு வரலாறு' என்று கோப்பில் சேர்த்துக்கொண்டு, ஒரு நகலுக்குக் கட்டணமும் வாங்கிவிட்டார்கள்.

புவனேஷுக்கு ஆரம்பத்தில் எல்லாமே கொண்டாட்டமாக இருந்தது. வீட்டோடு குதிரையும் வருகிறது என்று பெங்களூரில் எல்லாருக்கும் படம் அனுப்பினார். உயிர்ப்புள்ள கட்டடத்தை வாங்குகிறவர் சாரட்டு ஓட்டத் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்று குழு சொன்னபோதும் அவர் சளைக்கவில்லை. தொப்பியும் பூட்சும் வாங்கிப் போட்டுக்கொண்டு தேர்வுக்கு வந்தார். குழுவினர் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். புவனேஷ் கடிவாளத்தைச் சுண்டினார். சுல்தான் நின்றது. கெஞ்சினார். சுல்தான் கண்ணை மூடிக்கொண்டது. சேணம் மாட்டுகிற அறைப் பக்கமிருந்து மசூது மெல்ல ஒரு நிக்காஹ் பாட்டை முணுமுணுக்க, சுல்தான் ஒரு காலைத் தூக்கியது. "யாரது? காலத்துக்கு ஒவ்வாத ஒலி!" என்று வேல்ராஜ் அதட்டினார். சுல்தான் தூக்கிய காலை மறுபடி கீழே வைத்துவிட்டது.

புவனேஷ் தோல்வி. பெங்களூருக்குத் திரும்பிப் போய், அங்கேயே புதிதாக ஒரு சாரட்டுக் கொட்டகை கட்டிக்கொண்டார். குற்றாலத்துக் காரைப் பத்தையை அதன் வாசல் சுவரில் பதித்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பழமையைப் போற்றும் இளைஞர் என்று குழு அவருக்கு ஒரு கேடயம் அனுப்பிவைத்தது.

ஆனி பிறந்தது. மலையில் மேகம் இறங்கி, காற்று குளிர்ந்து, முதல் சாரல் விழுந்தது. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று ஊரெல்லாம் கார்கள். பக்க அறையில் சங்கரேஸ்வரியின் உதடு நீலம் பாய்ந்தது. மசூது ஆட்டோ பிடித்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், உயிரோடு திருப்பிக் கூட்டிவந்தார். அன்றைக்கே அவள் பையில் சேலைகளை எடுத்து வைத்தாள்.

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போவுதேன். நீங்களும் வாங்க."

இசக்கியப்பனும் பையை எடுத்தார். எபனேசர் அவசரமாக வந்து தடுத்தார். உயிர்ப்புள்ள கட்டடத்தை ஆளில்லாமல் விட்டால் 'பாரம்பரியப் புறக்கணிப்பு'. ஒருநாள் பூட்டிக் கிடந்தாலும் போலீஸ் கேஸ். வாழ்நாளெல்லாம் கேஸ் போட்ட கைகள் பையைக் கீழே வைத்தன.

"கேசுன்னா பென்சனை நிறுத்திருவாவ ஏட்டி. பென்சன்லதான ஒனக்கு மருந்து."

"நீங்க கேசுக்குப் பயப்படுதிய. நான் மூச்சுக்குப் பயப்படுதேன். ரெண்டு பேரு பயமும் நெசந்தான்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "நல்லாச் சாப்பிடுங்க. குதிரைக்கு வச்ச கொள்ளைத் தின்னுட்டுக் கெடக்காதிய."

சுரண்டை பஸ் கிளம்பிப் போனது. கல்யாணம் முடிந்த நாளிலிருந்து டூட்டியைத் தவிர வேறெதற்கும் அவர்கள் பிரிந்து இருந்ததில்லை. இசக்கியப்பன் பஸ் நிலையத்தில் நனைந்துகொண்டே நின்றார். அவர் ஆசைப்பட்ட உலர்ந்த வேட்டி ஒருநாள்கூட வாய்க்கவில்லை.

பிறகு குழு சீசன் பயணிகளுக்காகக் கொட்டகையைத் திறந்துவிட்டது. நுழைவுச் சீட்டு, வரிசை, கயிறு. இசக்கியப்பனுக்குச் சிவப்புக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையும் தந்து, 'பரம்பரைச் சாரட்டோட்டி' என்று சாரட்டின் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். அசையாமல் நிற்கவேண்டும். கைப்பேசி வெளியே தெரியக்கூடாது. பார்வை நேரம் முடிந்த பிறகுதான் பேசலாம். சங்கரேஸ்வரிக்கு அது மருந்து போட்டுத் தூங்குகிற நேரம். ஆகவே பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. மசூது மட்டும் தினமும் புல்லுக்கட்டோடு வருவார். கடையநல்லூரில் இப்போது எல்லா மாப்பிள்ளைகளும் காரில்தான் போகிறார்கள். மறுபடி துபாய்க்கே போகலாமா என்று அவர் சுல்தானிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆடியில் எபனேசர் ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி, சென்னையிலேருந்து துறைச் செயலாளர் வாராவ. அவ்வோ நெனச்சா ஒரே வரியில ஒங்கள விட்டுருவாவ. நல்ல மனுசன்னு சொல்லுதாவ. போற எடத்துல எல்லாம் 'குறை எதுவும் உண்டா'ன்னு கேப்பாவளாம். ஒங்ககிட்டயும் கேப்பாவ. அப்ப மட்டும் சொல்லிருங்க அண்ணாச்சி. வேற எதுவும் வேண்டாம்."

இசக்கியப்பன் சங்கரேஸ்வரிக்குப் போன் போட்டார். அவள் மருந்தைத் தள்ளிவைத்துவிட்டு விழித்திருந்து சொல்லிக்கொடுத்தாள். 'என் சம்சாரத்துக்கு எளைப்பு. இதை வித்துட்டு அவகூட இருக்கணும். என்னைய விட்டுருங்க.' அவ்வளவுதான். திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தாள். அவர் சுல்தானிடம் சொல்லிப் பார்த்தார். மசூதைச் செயலாளராக நிற்கவைத்துச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சரியாக வந்தது.

"நான் போனைக் கையிலயே வச்சிட்டு இருப்பேன். முடியுத நேரம் பாத்து நானே கூப்பிடுவேன்" என்றாள் சங்கரேஸ்வரி. "சுரண்டையில வெயிலு எப்படி அடிக்கி தெரியுமா? ஒங்க தலகாணியக் காயப்போட்டிருக்கேன்."

செயலாளர் வந்தார். உண்மையிலேயே நல்ல முகம். வேல்ராஜ் கூடவே நடந்து ஒவ்வொன்றாக விளக்கினார். மயில், வரிசை எண், கம்பீரமான குதிரை. செயலாளர் இசக்கியப்பனைப் பார்த்து, "இவருக்குக் குடும்பம்?" என்று விசாரித்தார்.

"அந்தக் காலத்தில் சாரட்டோட்டிகள் குடும்பத்தைப் பிரிந்துதான் இருப்பார்கள் சார்" என்றார் வேல்ராஜ் பெருமையோடு. "அதையும் நாங்கள் அப்படியே பாதுகாத்து வருகிறோம்."

செயலாளரின் முகம் வாடியது. அவர் கயிற்றைத் தாண்டி, இசக்கியப்பனுக்கு மிக அருகில் வந்து நின்றார். அவர் தோளில் கைவைத்து, மெதுவாக, நிஜமாகவே கேட்டார்.

"பெரியவரே, ஏதாவது குறை உண்டா?"

எபனேசர் ஓர் அடி முன்னால் வந்தார். புல்லுக்கட்டோடு நின்ற மசூதின் உதடுகள் அசைந்தன. என் சம்சாரத்துக்கு எளைப்பு. சொற்களெல்லாம் இசக்கியப்பனின் தொண்டைவரை வந்து வரிசையாக நின்றன.

அதற்குள் குதிங்கால்கள் சேர்ந்துகொண்டன. முதுகு நிமிர்ந்தது. வலது கை தானாக உயர்ந்து தலைப்பாகையைத் தொட்டது.

"ஒரு குறையும் இல்லைய்யா!"

கொட்டகை அதிர்ந்தது. செயலாளரின் முகம் மலர்ந்தது. "நல்லது, நல்லது" என்று தோளைத் தட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். கூட்டமும் அவர் பின்னாலேயே போனது. மசூது புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிவப்புக் கோட்டின் உள்பையில் போன் அதிர ஆரம்பித்தது. யாரென்று அவருக்குத் தெரியும். பார்வை நேரம் முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தது. அது அதிர்ந்து அதிர்ந்து ஓயும்வரை, மறுபடியும் தொடங்கி மறுபடியும் ஓயும்வரை, இசக்கியப்பன் கையைக்கூட இறக்காமல் விறைப்பாக நின்றார். வெளியே சாரல் வலுத்தது.